டக் நிக்கல்ஸ்: மைதானத்தின் ஓரத்திலிருந்து ஆளுநர் மாளிகை வரை

1927ஆம் ஆண்டு. மெல்பேர்ண் நகரின் புகழ்பெற்ற கார்ல்டன் உதைபந்தாட்டக் கழகத்துக்கு, நாட்டுப்புறத்திலிருந்து ஓர் இளைஞன் தன் திறமையைக் காட்ட வந்து சேர்ந்தான். வயது இருபது. உயரம் 5 அடி 2 அங்குலம் மட்டுமே. ஆனால் ஓடத் தொடங்கினால் அவனைப் பிடிப்பதற்கு ஆள் இல்லை என்று அவனுடைய ஊர்ப்பக்கத்தில் பெயர் பெற்றிருந்தான். பயிற்சி முடிந்து வரும் ஆட்டக்காரர்களுக்குத் தைலம் தேய்த்து, தசைகளைப் பிடித்துவிடுவதற்கென்று கழகத்தில் உதவியாளர்கள் இருப்பது வழக்கம். இந்த இளைஞனின் முறை வந்தபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவனது உடல் நாறுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அவனது தோலின் நிறம் கறுப்பு என்பது சொல்லப்படாத காரணம்.

தொடுவதற்கு மறுப்பது என்பதன் பொருளைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அதற்கான சொற்கள் நம் மொழியில் வேண்டியமட்டும் இருக்கின்றன.

அந்த இளைஞனின் பெயர் டக்ளஸ் ரல்ஃப் நிக்கல்ஸ். அவன் கார்ல்டனை விட்டு வெளியேறினான். நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் பிரித்தானிய மகாராணியிடம் 'சேர்' பட்டம் பெற்ற முதல் அவுஸ்திரேலிய ஆதிக்குடி மனிதர் என்ற பெயரையும், அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னர் ஒரு மாநிலத்தின் ஆளுநராக அமர்ந்த முதல் ஆதிக்குடி மனிதர் என்ற பெயரையும் அவரே பெற்றார்.

பத்திரிகை அலுவலகங்களில் விளையாட்டுப் பக்கத்துக்கும் அரசியல் பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. செங்கல்லால் கட்டிய சுவர் அல்ல, பழக்கத்தால் கட்டியது. விளையாட்டுச் செய்தி எழுதுபவர் புள்ளிக் கணக்கோடு நின்றுகொள்வார். அரசியல் எழுதுபவர் மைதானத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். டக் நிக்கல்ஸ் போன்ற ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் அந்தச் சுவர் எவ்வளவு பொய்யானது என்பது தெரிகிறது. அவருடைய வாழ்க்கையை எந்தப் பக்கத்தில் அச்சிடுவது?

முதலில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மெல்பேர்ணிலும் பேர்த்திலும் அடிலெய்டிலும் வாழும் நம்மவர்களுக்கு இது தெரிந்த விடயம். அவர்களது பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் ரொறொன்ரோவிலும் சென்னையிலும் இருந்து வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம் 1850களின் இறுதியில் மெல்பேர்ணில் உருவானது. துடுப்பாட்ட மைதானம் போன்ற நீள்வட்டத் திடலில், அணிக்கு 18 பேராக, முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடப்படுவது. பந்தை உதைக்கலாம்; ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தி அனுப்பலாம்; எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு ஊடாக உதைத்தால் 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்கு ஊடாகப் போனால் 1 புள்ளி. உதைத்து வரும் பந்தை வானில் எழும்பிப் பிடிப்பது இந்த ஆட்டத்தின் அழகு. எதிரியின் தோளில் முழங்காலை ஊன்றி எழுந்து பிடிப்பவர்களும் உண்டு. டக் நிக்கல்ஸ் மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுபவர். உயரமானவர்களின் ஆட்டம் என்று கருதப்பட்ட ஒன்றில் அந்தக் குள்ளமான மனிதர் வேகத்தாலும் துள்ளலாலும் இடம்பிடித்தார்.

அவர் 1906 டிசெம்பர் 9ஆம் திகதி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கு எல்லையில், மரே நதிக்கரையில் அமைந்திருந்த கம்மராகன்ஜா என்ற ஆதிக்குடியினர் குடியிருப்பில் பிறந்தார். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் அவர்கள். நதியைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். கம்மராகன்ஜாவின் கதை தனியாக எழுதப்படவேண்டியது. அங்கிருந்த ஆதிக்குடியினர் தமக்கு ஒதுக்கப்பட்ட துண்டு நிலங்களில் காடு வெட்டிக் கோதுமை விளைவித்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நிலங்கள் அவர்களிடமிருந்து திரும்பப் பறிக்கப்பட்டன. பின்னர் பெரும்பகுதி வெள்ளையருக்குக் குத்தகைக்குப் போனது. உழுதவர்கள் பங்கீட்டு மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நிற்பவர்களானார்கள்.

1915இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு தன் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச் செல்லும் அதிகாரத்தைப் 'பாதுகாப்புச் சபை' என்ற அமைப்புக்குக் கொடுத்தது. பெயரைக் கவனியுங்கள்: பாதுகாப்பு. டக்குக்கு எட்டு வயதாயிருந்தபோது, பதினாறு வயது அக்கா ஹில்டாவைப் பொலிசார் வந்து பலவந்தமாக இழுத்துப் போனார்கள். சிறுவன் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கூட்டமுண்ட்ரா என்ற ஊரிலிருந்த பயிற்சி இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். பயிற்சி என்றால் வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரியாக இருப்பதற்கான பயிற்சி.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு பெயரைச் சொல்லியாகவேண்டும். கம்மராகன்ஜாவின் பள்ளிக்கூடத்து ஆசிரியர் தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். 1859இல் மொறீசியஸ் தீவில், இந்திய வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கரும்புத் தோட்டத் தீவிலிருந்து கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கு வந்த அவர், 1881இல் மலோகா என்ற மிஷன் குடியிருப்பில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கேயே ஏடா கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டாப் பெண்ணை மணந்து அந்த மக்களில் ஒருவராகிவிட்டார். மக்கள் கம்மராகன்ஜாவுக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் கூடவே போனார். 1922இல் ஓய்வுபெறும் வரை அவரே ஆசிரியர். அரசு விதித்த பாடத்திட்டமோ மூன்றாம் வகுப்போடு முடிகிறது. ஆனால் அந்தச் சிறு பள்ளியிலிருந்து மனு எழுதவும் மேடையில் பேசவும் தெரிந்த ஒரு தலைமுறையே வெளிவந்தது. வில்லியம் கூப்பர், மார்கரெட் டக்கர், பில் ஓனஸ், டக் நிக்கல்ஸ் என்று அவுஸ்திரேலிய ஆதிக்குடியினர் உரிமைப் போராட்டத்தின் முதல் வரிசைப் பெயர்களைப் பார்த்தால் பலருக்கு அவரே ஆசான். இந்துமாக்கடலைக் கடந்து போன நம் பிராந்தியத்து மனிதர்களைப் பற்றி எத்தனையோ எழுதுகிறோம். இந்த ஆசிரியரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

பதின்ம வயதிலேயே டக் செம்மறியாட்டுப் பண்ணைகளில் வேலைக்குப் போய்விட்டார். ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டின் தோலில் காயம் பட்டால் அதில் தார் பூசுவதற்கென்று ஒரு பையன் நிற்பான். அதுதான் அவருடைய முதல் தொழில். ஓய்வு நாட்களில் பந்து. நதிக்கு அப்பால் டொங்காலா என்ற ஊர் அணிக்கு ஆடிப் பெயரெடுத்துத்தான் மெல்பேர்ணுக்கு வந்தார். கார்ல்டனில் நடந்ததை முன்னரே சொன்னேன்.

கார்ல்டன் கதவடைத்த பின்னர் அவர் நோர்த்கோட் கழகத்துக்குப் போனார். கார்ல்டன் ஆடியது முதல்தர அணிகளின் விக்டோரிய உதைபந்தாட்ட லீக்கில். நோர்த்கோட் அதற்கு அடுத்தபடியாக இருந்த சங்கத்தின் அணி. இரண்டாம் இடத்து ஆட்டம் என்றாலும் சனக்கூட்டத்துக்குக் குறைவில்லை. 1929இல் நோர்த்கோட் வாகை சூடியபோது டக் அதன் நட்சத்திரங்களில் ஒருவர். பார்வையாளர்களிடமிருந்து கறுப்பன் என்ற வசை வராத சனிக்கிழமை கிடையாது. பொறுமையாக ஆடிக்கொண்டே போனார். கூச்சலிட்டவர்களே பின்னர் அவருக்காகக் கைதட்டத் தொடங்கினார்கள் என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படி எழுதிவிடலாம். ஆனால் கைதட்டலுக்குத் தகுதியானவன் என்று ஒரு மனிதன் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிரூபித்துக் காட்டவேண்டியிருந்ததே, அதற்குப் பெயர் வெற்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

பணம்? 1930இல் லீக் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுணுக்கு மேல் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கக் கூடாது. உலகப் பொருளாதார மந்தம் வேறு. ஆகவே அக்காலத்து 'தொழில்முறை' ஆட்டக்காரர் என்பவர் வாரத்தில் ஐந்து நாள் வேறு வேலை செய்பவர். நிக்கல்ஸ் பரிசுப் பணத்துக்காக ஓட்டப் பந்தயங்களில் ஓடினார். 1929இல் நையா, வொரக்னபீல் ஆகிய ஊர்களில் நடந்த புகழ்பெற்ற பந்தயங்களில் முதலிடம் பெற்றார். உதைபந்துப் பருவம் இல்லாத மாதங்களில் ஜிமி ஷாமன் என்பவரின் குத்துச்சண்டைக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். திருவிழாக்களில் கூடாரம் அடித்து, முன்மேடையில் சண்டைக்காரர்களை வரிசையாக நிறுத்தி, மேளம் அடித்து, 'இவனோடு மோதி நிற்பவனுக்குப் பணம்' என்று ஊராரை அழைக்கும் தொழில் அது. மேடையில் நின்றவர்களில் பலர் ஆதிக்குடி இளைஞர்கள். வெள்ளையனைப் பகிரங்கமாக அடித்துவிட்டுச் சிறைக்குப் போகாமல் கூலி வாங்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

1932இல் பிட்ஸ்ரோய் கழகம் அவரை லீக்குக்கு அழைத்தது. இதே கழகத்தில் 1904இலேயே ஜோ ஜோன்சன் என்ற ஆதிக்குடி ஆட்டக்காரர் ஆடி, இரண்டு வாகைகளில் பங்கெடுத்திருக்கிறார். ஆனாலும் முப்பதாண்டு இடைவெளி மனித நினைவை அழித்துவிடப் போதுமானது. முதல் நாட்களில் நிக்கல்ஸ் உடைமாற்றும் அறையின் ஒரு மூலையில் தனியே போய் உட்கார்ந்தார். கார்ல்டன் கற்பித்த பாடம். அப்போது எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஹேடன் பண்டன்.

இது எத்தகைய காரியம் என்பதை உணர்வதற்குப் பண்டன் யார் என்பது தெரியவேண்டும். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்தை 1931இல் வென்றவர். 1932இலும் 1935இலும் மீண்டும் வென்றவர். அழகன். ஊரே கொண்டாடிய நாயகன். அப்படிப்பட்டவர் தன் உடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கறுப்பு மனிதனுக்குப் பக்கத்தில் மாற்றத் தொடங்கினால் மற்றவர்கள் வேறென்ன செய்வார்கள்? மேடைப் பேச்சு எதுவும் இல்லாமல் ஒரு வாங்கில் அரையடி நகர்ந்து உட்கார்ந்ததில் முடிந்த காரியம் அது.

பிட்ஸ்ரோயில் 1937 வரை 54 ஆட்டங்கள். எண்ணிக்கை பெரிதல்ல. பிற்காலத்தில் ஆதிக்குடி வீரரான அடம் கூட்ஸ் 372 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஆனால் 1935இல் விக்டோரிய மாநில அணிக்குத் தெரிவான முதல் ஆதிக்குடி ஆட்டக்காரர் நிக்கல்ஸ்தான். 1938இல் நோர்த்கோட்டுக்குத் திரும்பினார். முழங்கால் அவரைக் கைவிட்டது. அடுத்த ஆண்டோடு ஆட்டம் முடிந்தது. 1947இல் ஒரு பருவம் அதே கழகத்துக்குப் பயிற்றுநராக இருந்ததைத் தவிர.

விளையாட்டுப் பக்கக்காரர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார். உண்மையில் முழங்கால் போவதற்கு முன்னரே மற்றக் கதை ஆரம்பமாகிவிட்டது.

அவருடைய உறவினரான வில்லியம் கூப்பர் முதிய வயதில் கம்மராகன்ஜாவை விட்டு மெல்பேர்ணின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்கு வந்து குடியிருந்தார். ஆதிக்குடியினருக்குப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று மன்னருக்கு ஒரு மனு எழுதி, நாடெங்கும் 1814 கையொப்பங்களைத் திரட்டினார். கன்பெராவில் இருந்த அரசு அந்த மனுவை மன்னருக்கு அனுப்பவேயில்லை. அதே கூப்பர் 1938 டிசெம்பரில், ஜேர்மனியில் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து, மெல்பேர்ணிலிருந்த ஜேர்மன் தூதரகத்துக்கு ஆதிக்குடியினர் ஊர்வலம் ஒன்றை நடத்திச் சென்றார். சொந்த நாட்டில் உரிமையற்றிருந்தவர்கள் அயல்நாட்டு அகதிகளுக்காகக் குரல் கொடுத்தார்கள். தூதரகம் அந்தக் கடிதத்தையும் வாங்கவில்லை.

கூப்பரின் அவுஸ்திரேலிய ஆதிக்குடியினர் லீக்கில் நிக்கல்ஸ் இணைந்தார். கிழவருக்குப் பேரும் புகழும் உள்ள ஓர் இளைஞன் தேவைப்பட்டான். உதைபந்தாட்டக்காரன் பேசுகிறான் என்றால் கேட்க ஆள் வரும். 1938 ஜனவரி 26ஆம் திகதி, வெள்ளையர் குடியேற்றத்தின் 150ஆவது ஆண்டை நாடு கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சிட்னியில் ஆதிக்குடியினர் துக்க நாள் கூட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஆதிக்குடியினருக்கு மட்டுமே அனுமதி. அந்தக் கூட்டத்தில் பேசியவர்களில் நிக்கல்சும் ஒருவர்.

அடுத்த ஆண்டு, 1939 பெப்ரவரி 4ஆம் திகதி, கம்மராகன்ஜா எழுந்தது. நிர்வாகியின் கெடுபிடி, போதாத பங்கீடு, நோய், பிள்ளைகளைப் பறிகொடுக்கும் அச்சம். ஏறத்தாழ 200 பேர் மூட்டை முடிச்சுகளோடு மரே நதியைக் கடந்து விக்டோரியாவுக்குள் போனார்கள். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் நதிக்கரையோடு நின்றுவிடும். மாதக்கணக்கில் நதிக்கரையில் கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்களைத் தூண்டிவிட்டதாக ஜாக் பற்றன் கைதுசெய்யப்பட்டார். மெல்பேர்ணில் நிக்கல்ஸ் உணவும் உடையும் திரட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் போனவர்கள் சிலர். போகாதவர்களில் பலர் மெல்பேர்ணுக்கு வந்து பிட்ஸ்ரோயின் ஒடுங்கிய தெருக்களில் தஞ்சமடைந்தார்கள். மலிவான வாடகை, தொழிற்சாலைக் கூலி, சாராயக் கடைகள். எல்லையைக் கடந்து மூட்டையோடு நகரத்துச் சந்துகளில் வந்து விழும் மனிதர்களை நம்மில் எத்தனையோ பேர் உள்ளிருந்தே அறிவோம்.

தாயின் மரணத்தின் பின் அவர் நோர்த்கோட்டிலிருந்த கிறிஸ்துவின் சபை என்ற திருச்சபையில் சேர்ந்திருந்தார். போர்க்காலத்தில் அவரை இராணுவ சேவைக்கு எடுத்தார்கள். 1942இல் விடுவித்தார்கள். விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டவர்கள் பிட்ஸ்ரோய் பொலிசார்! வாழ வழி தெரியாமல் தெருவில் அலைந்த ஆதிக்குடியினரிடையே பேசக்கூடியவர் அவர் ஒருவரே என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கோர் வீதியில் ஒரு சிறு மிஷன் ஆலயம் அவருடைய பொறுப்பானது. அதன்பின் ஊரார் அவரை அழைத்தது 'போதகர் டக்' என்றுதான். அதே 1942இல், விபத்தில் இறந்துபோன தன் சகோதரனின் மனைவி கிளாடிசை மணந்தார். அந்த அம்மையாரைப் பற்றி ஒரு பந்தியில் சொல்லிக் கடந்துவிடுவது அநியாயம்; எனினும் கிராமங்களிலிருந்து வேலை தேடி வரும் ஆதிக்குடிப் பெண்பிள்ளைகளுக்கு நோர்த்கோட்டில் விடுதி நடத்தியவர் அவரே என்பதையாவது பதிவுசெய்கிறேன்.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது 1957இல் நடந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் உட்பாலையில் வோபேர்ட்டன் மலைத்தொடர் என்றொரு பகுதி உண்டு. ஏவுகணைப் பரிசோதனைத் திடலின் பாதையில் அகப்பட்ட நிலம். பில் கிரேடன் என்ற சட்டசபை உறுப்பினர் தலைமையிலான குழு அங்கு வாழ்ந்த மக்களிடையே பட்டினியும் கண்நோயும் பரவியிருப்பதாக அறிக்கை கொடுத்தது. இதை நேரில் போய்ப் பார்த்த ஓர் இளம் பத்திரிகை அதிபர், எல்லாம் மிகைப்படுத்தப்பட்ட கதை என்று தன் அடிலெய்ட் பத்திரிகையில் எழுதினார். அவர் பெயர் ரூபர்ட் மேடொக். ஆம், அவரேதான், அப்போது அவருக்கு 25 வயது. கிரேடன் அதே பாலைக்கு மீண்டும் போனார்; இம்முறை கூடப் போனவர் டக் நிக்கல்ஸ். கையில் ஒரு சலனப்படக் கருவி. எலும்பும் தோலுமான குழந்தைகளை அவர்கள் படம்பிடித்துக்கொண்டு வந்தார்கள். மெல்பேர்ணின் மண்டபங்களில் அந்தப் படம் காட்டப்பட்டபோது பார்த்தவர்கள் அழுதார்கள், கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலிருந்துதான் விக்டோரியாவின் ஆதிக்குடியினர் முன்னேற்றக் கழகம் அதே ஆண்டில் பிறந்தது. நிக்கல்ஸ் அதன் களப்பணியாளரானார். ஒரே மண்ணை இரண்டு பேர் போய்ப் பார்த்து இரண்டு செய்திகளோடு திரும்ப முடியும் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்.

ஏரி டயர்ஸ் என்ற இடத்துக் குடியிருப்பை மூடிவிட்டு மக்களைக் கலைத்துவிட அரசு எண்ணியபோது, அரசாங்கத்தின் நலன்புரிச் சபையில் தாம் வகித்த பதவியை 1963இல் துறந்துவிட்டு ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றார். 1971இல் அந்த நிலம் அதில் வாழ்ந்த மக்களின் பெயருக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது. 1967 மே 27ஆம் திகதிய கருத்துக்கணிப்புக்காகவும் ஊர் ஊராகப் பேசினார். சனத்தொகைக் கணக்கில் ஆதிக்குடியினரைச் சேர்க்கவும், அவர்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கவும் நடந்த அந்த வாக்கெடுப்பில் 90.77 வீதத்தினர் ஆம் என்றார்கள். இன்றுவரை அந்நாட்டின் எந்தக் கருத்துக்கணிப்பிலும் அவ்வளவு ஆதரவு கிடைத்ததில்லை.

அவரைக் கேள்விக்கு அப்பாற்பட்ட மகானாக ஆக்கிவிடும் ஆசை எனக்கு இல்லை. அறுபதுகளின் இறுதியில் 'கறுப்பு அதிகாரம்' பேசிக்கொண்டு ஓர் இளைய தலைமுறை எழுந்தது. வெள்ளை நண்பர்களோடு கைகோத்து, மன்றாடியும் நியாயம் பேசியும் பெறுவது அவருடைய வழி; கேட்டுப் பெறுவதற்கு இது யாருடைய நாடு என்பது அவர்களுடைய கேள்வி. மகாராணியின் விருதுகளை அவர் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டதும் அவர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. அதே வேளை, அந்த இளைஞர்கள் நின்று பேசிய மேடையின் பலகைகளில் பாதி போதகர் டக் அடித்தவை. எங்கள் சொந்த அரசியலிலும் மிதவாதிகளையும் இளைஞர்களையும் பற்றி இதே வழக்கு நடந்து, எத்தனை கசப்போடு முடிந்தது என்பதைக் கண்ட தலைமுறை நான். ஆகவே இதில் தீர்ப்பு எழுத என் பேனா அவ்வளவு விரைவாக முன்வருவதில்லை.

1972இல் 'சேர்' பட்டம். 1976 டிசெம்பர் 1ஆம் திகதி தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநர் பதவி. அவரைத் தெரிவுசெய்தவர் அம்மாநிலத்தின் முதலமைச்சர் டொன் டன்ஸ்டன். ஆட்டுத் தோலில் தார் பூசிய கை, மாநிலத்தின் சட்டங்களில் ஒப்பமிடும் கையானது. ஆனால் விதி அதை நீடிக்க விடவில்லை. 1977 தொடக்கத்திலேயே பாரிசவாதம் தாக்கியது. அந்நிலையிலும் மகாராணியின் வருகைக்கு மாநிலத்தின் சார்பில் வரவேற்பளித்துவிட்டு, ஏப்ரல் 30ஆம் திகதி பதவி விலகினார். ஐந்து மாதங்கள் மட்டுமே. அவருக்குப் பின் வேறெந்த ஆதிக்குடி மனிதரும் தென் அவுஸ்திரேலியாவில் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை.

கிளாடிஸ் அம்மையார் 1981இல் மறைந்தார். டக் நிக்கல்ஸ் 1988 ஜூன் 4ஆம் திகதி காலமானார். நாடு இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த ஆண்டு அது. சிட்னி துக்க நாள் கூட்டத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. உடலைக் கம்மராகன்ஜாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அவர் ஆடிய பிட்ஸ்ரோய் கழகம் பணமில்லாமல் 1996இல் பிரிஸ்பேர்ண் அணியோடு இணைக்கப்பட்டு விட்டது. விக்டோரிய லீக் 1990இலிருந்து நாடு தழுவிய அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்காகிவிட்டது. வசைகள் மட்டும் இடம் மாறவில்லை. 1993 ஏப்ரல் 17ஆம் திகதி, கொலிங்வூட் மைதானத்தில் கேட்ட கூச்சலுக்குப் பதிலாக நிக்கி வின்மார் தன் மேலாடையை உயர்த்தி வயிற்றின் கறுப்புத் தோலை விரலால் சுட்டிக்காட்டிய புகைப்படம் உலகம் சுற்றியது. இருமுறை பிரவுன்லோ பதக்கம் வென்ற அடம் கூட்ஸ், 2015இல் மைதானம் மைதானமாக ஊளையிடப்பட்டு, ஆட்டத்தை விட்டே போனார். லீக் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2019இல்.

2016 தொடக்கம் லீக் தன் ஆதிக்குடியினர் வார ஆட்டங்களுக்கு 'சேர் டக் நிக்கல்ஸ் சுற்று' என்று பெயரிட்டிருக்கிறது. அந்த ஆட்டங்களில் எல்லாக் கழகங்களும் ஆதிக்குடிக் கலைஞர்கள் வரைந்த சித்திரங்கள் பொறித்த மேலாடைகளோடு களமிறங்குகின்றன. சில கழகங்கள் தம் ஆங்கிலப் பெயரை ஒதுக்கிவைத்து, தாம் நிற்கும் மண்ணின் பழைய பெயரைச் சூடிக்கொள்கின்றன. மெல்பேர்ண் கழகம் அந்நாட்களில் 'நாம்' என்று அழைக்கப்படுகிறது. அவருடைய பெயரில் நடக்கும் அந்தச் சுற்றில், சித்திர மேலாடை அணிந்து கார்ல்டனும் ஆடுகிறது.